சோம்பேறி ஃபேனும் பாலத்து வளைவும்

நின்றுபோன மின்விசிறி எதுவானாலும் சரி, ஃபேன்காரர் கை பட்டால் சுற்றும். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

அவருடைய கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம். இடது பக்கச் சுவரில் கழற்றிப்போட்ட இறக்கைகள் சாய்ந்திருக்கும். வலது பக்கம் ஆணிகளில் செப்புக் கம்பிச் சுருள்கள் தொங்கும். நடுவில் எண்ணெய்க் கறை படிந்த மேசை, அதற்கு மேலே குறுக்காக ஓர் இரும்புக் கம்பி. பழுது பார்த்த ஃபேனை அந்தக் கம்பியில் மாட்டி, சுவிட்சைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கீழே நிற்பார். சத்தம் கேட்கக் கூடாது, காற்று மட்டும் நெற்றியில் பட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அது பாட்டுக்கு நெடுநேரம் சுற்ற வேண்டும். வந்தவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். அதைப் பற்றி ஃபேன்காரருக்கு என்ன கவலை? "இருங்க, இன்னும் சுத்துது பாருங்க" என்று அது தானாக நிற்கிறவரை கழற்றித் தர மாட்டார்.

சரி, இப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டில் ஃபேன் எப்படி ஓடும்? ஓடாது, நடக்கும். அதுவும் வயிறு முட்டச் சாப்பிட்டவர் நடக்கிற நடை. ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் அதே நடைதான். மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம். எந்த இறக்கையில் ஒட்டடை என்று கீழே படுத்தபடியே சொல்லிவிடலாம். வீட்டில் அதற்குச் சோம்பேறி என்று பெயர். பெயர் வைத்தது அவர் மனைவி.

மனைவி பேருந்து ஓட்டுகிறவர். தனியார் கம்பெனி ஒன்றின் சின்ன பஸ் அவர் கையில் இருக்கிறது. ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டிரைவரம்மாதான். பகலெல்லாம் அந்தப் பெரிய ஸ்டியரிங்கை வளைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அண்ணாந்து பார்ப்பார்.

"ஊருக்கெல்லாம் காத்து குடுக்கறீங்க. பொண்டாட்டி மட்டும் அட்டைய எடுத்து விசிறிக்கணும்."

"நாளைக்குப் பாத்துடறேன்."

"எந்த நாளைக்கு? தேதி சொல்லுங்க, பஸ்ல எழுதி ஒட்டி வைக்கறேன்."

ஃபேன்காரர் சிரித்து மழுப்பிவிடுவார். நாள் முழுக்க அடுத்தவர் ஃபேனைக் கழற்றிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறக் கை வராது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. டிரைவரம்மாவின் கடைசி டிரிப் இருட்டும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும். வேலை முடிந்து வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, மில் முக்கு தாண்டி, வாய்க்கால் பாலம் ஏறி, காலனியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும். அந்த நேரம் முழுக்க ஃபேன்காரர் சோம்பேறிக்குக் கீழே படுத்து, அதன் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பார். மெதுவாகச் சுற்றுகிறதா, எண்ண வசதி. நடுவில் எண்ணிக்கை தப்பும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். வாசல் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "வந்துட்டியா? இப்பத்தான் கண்ணசந்தேன்" என்பார்.

எண்ண வைத்தது அந்தப் பாலத்து வளைவு. நேராக வருகிற சாலை, வாய்க்கால் கரையைத் தொட்டதும் சட்டென்று இடது பக்கம் ஒடிந்து ஒரு குறுகல் பாலத்தில் ஏறும். சாலை போட்டவருக்கும் பாலம் கட்டியவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போலிருக்கிறது. பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால் வளைவு எங்கே தொடங்குகிறது என்று வண்டியின் விளக்குக்கே சந்தேகம் வந்துவிடும். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போகிற வருகிற வண்டிகளெல்லாம் தங்கள் பெயின்ட்டைக் கொஞ்சம் கொஞ்சம் விட்டுப் போயிருந்தன. டிரைவரம்மா ஓட்டும்போது மட்டும் அவர் வண்டி அதில் உரசியது கிடையாது. அவர் லீவு போட்ட நாட்களில் ஓட்டியவர்கள் அந்தக் குறையையும் தீர்த்து வைத்திருந்தார்கள்.

அவர் ஓட்டும்போது ஒரு வழக்கம் உண்டு. வளைவுக்கு முன்னால் பஸ் நிற்கும். கண்டக்டர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, சாலை ஒடிகிற இடத்தில் போய் நின்று வெளிச்சத்தை ஆட்டுவார். டிரைவரம்மா அதைப் பார்த்து அங்குலம் அங்குலமாகத் திருப்புவார். பாலம் தாண்டியதும் கண்டக்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். அவருக்கு 'டார்ச்' என்று பெயர் வந்தது அப்படித்தான். மழை நாளில் சொட்டச் சொட்ட ஏறி, பயணிகள் மேலெல்லாம் தெறிக்கவிட்டு, அத்தனை பேரின் வசவையும் வாங்குவார்.

அந்த வளைவுக்கு மின்கம்பம் வரவில்லை. சாலைத் துறை ஓவர்சியர், பாவம், வெயிலில் பேட்டரி ஏறி மினுக்குகிற விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். யாரோ ராவோடு ராவாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்னொன்று நட்டார், அதுவும் போயிற்று. "மூணாவதையும் வச்சேன்னா நானே திருடன் கையில குடுத்த மாதிரி" என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் டிரைவரம்மா வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்தார், சோம்பேறியை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஃபேன்காரர் எழுந்து கிட்டே வந்தார்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"கடைசி டிரிப்ப நிறுத்தறாங்களாம். அடுத்த மாசத்துல இருந்து இருட்டுனதுக்கு அப்புறம் பாலம் தாண்டக் கூடாதாம். மேனேஜர் சொல்லிட்டாரு."

அப்பாடா என்றது ஃபேன்காரரின் மனசு. வாய்வரைக்கும் வந்துவிட்டது. இனி எண்ண வேண்டாம், பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அவருக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. அதற்குள் மனைவியின் முகம் கண்ணில் பட்டுவிட்டது.

"ஆஸ்பத்திரில பெருக்கற அக்கா, துணிக்கடப் பொண்ணுங்க, மில்லுல நாளெல்லாம் நின்னுட்டு வர்றவங்க, எல்லாரும் முக்குல எறங்கி இருட்டுல நடக்கணும். நான் கொண்டுபோய் வீட்டு வாசல்ல விட்ட ஜனங்க." காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "காலைல ஓட்டற டிரிப்ப யாரு வேணா ஓட்டலாங்க. இந்த ஒரு டிரிப்பு என்னுது."

அவர் அழுகிற ஆள் இல்லை. தட்டில் போட்டதை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஃபேன்காரருக்குத் தன் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தும், தன் பயம் தீர்ந்தால் போதும் என்று நினைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு படுத்தார். டிரிப் நிற்கக் கூடாது, பஸ் பத்திரமாகத் திரும்பவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து நடக்க என்ன வழி என்றுதான் புரியவில்லை.

வழி அவர் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிய ஃபேனைத் திரும்ப மாட்டும்போது எந்த இறக்கை எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய, ஒரு இறக்கையின் நுனியில் அடையாளத்துக்குச் சின்னத் துண்டு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் பழக்கம். சைக்கிள் மட்கார்டில் ஒட்டுவார்களே, விளக்கு பட்டால் பளிச்சென்று திருப்பி அடிக்கும், அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்தான். மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் மின்சாரம் நின்றுபோனது. கம்பியில் தொங்கிய ஃபேன் தெருக்காற்றில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பி, அதன் வெளிச்சம் கடைக்குள் விழுந்தது. ஃபேன் அவரைப் பார்த்துக் கண் அடித்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, வெளிச்சம் விலகும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.

ஃபேன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நேராக ஓவர்சியரிடம் போனார்.

"வளைவுல ஒண்ணு வைக்கணும் சார். காத்துல தானா சுத்தும். வண்டி லைட் பட்டா மினுக்கும்."

"பேட்டரி இருக்கா?"

"இல்ல."

"ஒயரு?"

"அதுவும் இல்ல."

"அப்ப திருடனுக்கு இதுல என்ன வேலை? தாராளமா வைங்க" என்றார் ஓவர்சியர். பெயர்ப் பலகைகளுக்கு ஒட்டி மிஞ்சிய ஸ்டிக்கர் தாள் சிவப்பிலும் வெள்ளையிலும் குடோனில் கிடந்தது. அதையும் எடுத்துக் கொடுத்து, நடுவதற்கு ஒரு பழைய கம்பமும் கொடுத்தார். மேனேஜரிடம் பேசியதும் அவர்தான். மாசக் கடைசியில் தானே அந்த டிரிப்பில் ஏறி வந்து பார்ப்பதாக மேனேஜர் சொன்னார். திருப்தியாக இருந்தால் டிரிப் ஓடும், இல்லாவிட்டால் அத்தோடு சரி.

ஃபேன்காரர் உட்கார்ந்தார். பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தார். இரண்டு பாதிகளையும் எதிரும் புதிருமாகத் தள்ளிவைத்து ஒரு நடுக்கம்பியில் முடுக்கினார். எந்தப் பக்கக் காற்றானாலும் ஏதாவது ஒரு பாதியின் வயிற்றில் பிடித்துக்கொள்ளும். ஒரு பாதிக்குச் சிவப்புத் தாள், மறு பாதிக்கு வெள்ளை. மேலேயும் கீழேயும் பேரிங். அதில்தான் மனிதர் தன் முழு வித்தையையும் காட்டினார். இருப்பதிலேயே உசத்தியான புது பேரிங்கை வாங்கி, துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுப் பொருத்தினார். வாயால் ஊதினார், சுற்றியது. தும்மினார், அதற்கும் சுற்றியது.

கம்பத்தில் ஏற்றிய அன்று வாய்க்கால் காற்று நன்றாக வீசியது. கண்ணால் பிடிக்க முடியாத சுற்று. டார்ச் கீழே நின்று வாயைப் பிளந்தார். "யோவ், பறந்துடப் போவுதுய்யா." ஃபேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வருகிறதா என்று கேட்டார். வரவில்லை. வெண்ணெய் மாதிரி வழுக்குது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று மாலை சோம்பேறிக்குக் கீழே படுத்தபோது எண்ண வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தார். தாழ்ப்பாள் சத்தம் கேட்க வேண்டிய நேரம் வந்தது. கேட்கவில்லை. எண்ண ஆரம்பித்தார், தப்பியது, மறுபடி ஆரம்பித்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போன பிறகுதான் தெருமுனையில் மனைவி வருவது தெரிந்தது. உள்ளே வந்தவர் பையை வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி நின்றார்.

"உங்க காத்தாடிக்கு நான் வழி விட்டுக்கிட்டு நின்னேன்."

"என்ன வழி?"

"வளைவு கிட்ட வர்றேன். எதிர்ல வெளிச்சம். மின்னல, மினுக்கல, அப்படியே ரோஸ் கலர்ல நிக்குது. ஒத்த லைட்டோட ஏதோ வண்டி பாலத்துல இருந்து வருது, வரட்டும்னு ஓரங்கட்டிட்டேன். அது வரல. ஹாரன் அடிச்சேன். அதுக்கும் அசையல. பின்னால ஜனங்க, யாருய்யா அந்தத் திமிரு புடிச்சவன்னு கத்தறாங்க. டார்ச் எறங்கிப் போயி, லைட்ட டிம் பண்ணுய்யா, பொம்பள ஓட்டறான்னா எளக்காரமான்னு சண்ட புடிக்கறாரு."

"யாருகிட்ட?"

"உங்க கம்பத்துகிட்ட."

ஃபேன்காரருக்கு விஷயம் மெதுவாக உறைத்தது. அத்தனை வேகத்தில் சுற்றினால் சிவப்பும் வெள்ளையும் எங்கே தனித்தனியாகத் தெரியும்? இரண்டும் குழைந்து ஒரே வெளிச்சமாகிவிடும். தொழிலில் பாதியாவது தெரியாதவன் செய்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது. ஆனால் பாருங்கள், அந்த நேரத்திலும் மனிதர் கேட்டது வேறு.

"அவ்ளோ வேகமாவா சுத்துது?"

டிரைவரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டார்ச் கம்பத்தோடு மல்லுக்கு நின்றதை நடித்துக் காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஃபேன்காரர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? அவரும் சேர்ந்து சிரித்தார். மூச்சு வாங்கி ஓய்ந்த பிறகு டிரைவரம்மா கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:

"நல்லாத்தாங்க இருக்கு. மெதுவா சுத்தணும், அவ்ளோதான். செவப்பு, வெள்ளை, செவப்பு, வெள்ளைன்னு கண்ணுக்குத் தெரியணும். மேனேஜர் வர்றதுக்குள்ள பண்ணிடுவீங்களா?"

பண்ணிவிடலாம் என்று தலையாட்டினார். அங்கேதான் சிக்கல். வாழ்நாளெல்லாம் வேகமாகச் சுற்ற வைத்த கைக்கு மெதுவாகச் சுற்ற வைக்கத் தெரியவில்லை. நட்டை இறுக்கினார், நின்றேவிட்டது. தளர்த்தினார், பறந்தது. நடுவில் ரப்பர் வளையம் போட்டார். அது கிறீச்சிட்ட சத்தத்தில் துணிக்கடைப் பொண்ணுங்க பஸ்ஸுக்குள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். துணியைச் சுற்றிப் பார்த்தார், சாயங்காலப் பனியில் ஊறி அடைத்துக்கொண்டது. ஒரு பொருளை அளவாகக் கெடுப்பது இவ்வளவு கஷ்டமா என்று அவருக்குச் சலித்துப்போனது. டார்ச் பழையபடி இறங்கி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் வருகிற நாள் கிட்டே வந்துவிட்டது.

டிரைவரம்மாவுக்கு லீவு நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தார். சன்னல் வழியாக வந்த வெயில் சோம்பேறியின் இறக்கையில் பட்டு, சுவரில் ஒரு வெளிச்சத் துண்டாக விழுந்தது. இறக்கை நகர்ந்ததும் மறைந்தது. அடுத்த இறக்கை வந்ததும் மறுபடி விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

"சொல்லு."

"வந்து படுங்க மொதல்ல."

பட்டப்பகலில் என்ன இது என்று முனகிக்கொண்டே ஃபேன்காரர் பக்கத்தில் வந்து படுத்தார். டிரைவரம்மா சுவரைக் காட்டினார்.

"வருது, போவுது. வருது, போவுது. எனக்கு வளைவுல வேண்டியது இதுதாங்க."

ஃபேன்காரர் சுவரைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் எண்ணிப் பழகிய சுற்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த நடை அவருக்குத் தெரியும்.

"இத்தன நாளா இத கரிச்சுக் கொட்டுனியே."

"இப்பவும் கொட்டுவேன். எறக்குங்க அந்தச் சோம்பேறிய."

ஸ்டூலை டிரைவரம்மா பிடித்துக்கொள்ள, ஃபேன்காரர் ஏறி இறக்கைகளைக் கழற்றினார். வேகம் குறைந்தால் கண்டென்சர்தான் போயிருக்கும் என்று நினைத்திருந்தார், எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அது நன்றாகவே இருந்தது. ஸ்டூலில் நின்றபடியே மூடியைத் திறந்து பேரிங்கை வெளியே எடுத்தார். உள்ளே கறுப்பாக, மெழுகு போலக் கெட்டியாக, திணித்து வைத்த கிரீஸ். விரல் நுனியில் எடுத்து மோந்து பார்த்தார். ஃபேனுக்குப் போடுகிற கிரீஸ் இல்லை அது. லாரி, பஸ் சக்கரத்துக்குப் போடுவது.

"எந்த மடையன் இத இங்க போட்டது?" என்று கேட்டு வாய் மூடவில்லை, அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணமான புதிது. டிரைவரம்மாவுக்கு அப்போது விடியக்காலை டிரிப். பகலில்தான் வந்து தூங்குவார். இந்த ஃபேனோ கொர்ரென்று இரையும். அவள் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், பஸ் ஷெட்டிலேயே போய் ஒரு டப்பா கிரீஸ் கேட்டு வாங்கிவந்து, வேண்டியதற்கு மேல் நான்கு பங்கு அடைத்துவிட்டார். சத்தம் நின்றது. கூடவே வேகமும் போயிற்று, அது நாளாக ஆகத்தான் தெரிந்தது.

"சத்தம் வரக் கூடாதுன்னு அடச்சேன். நீ தூங்கணும்ல" என்றார், பேரிங்கைப் பார்த்தபடியே.

டிரைவரம்மா ஸ்டூலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "இத அப்பவே சொல்லியிருந்தா நான் திட்டியே இருக்க மாட்டனே."

"மறந்தே போச்சும்மா."

"நல்லா மறந்தீங்க போங்க" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எறங்குங்க, எறங்குங்க, வேலையப் பாப்போம்" என்றார்.

அன்றைக்கே மாற்றினார்கள். சோம்பேறியின் பேரிங்குகள் அந்த கிரீஸோடு வளைவுக்குப் போயின. வளைவில் பறந்துகொண்டிருந்த உசத்தி பேரிங்குகள் வீட்டுக்கு வந்தன. சுவிட்சைப் போட்டதும் காலண்டர் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்க் கட்டிலில் விழுந்தது. டிரைவரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயய்யோ, இது என்ன புயலு" என்றார். ஃபேன்காரர் முகத்தில் அத்தனை பூரிப்பு.

மேனேஜர் சொன்னபடி வந்தார். விடியற்காலையிலிருந்து நாலு ஷெட்டுக்கு அலைந்துவிட்டு வந்த மனிதர், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சன்னலோரம் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்த சீட்டில் ஃபேன்காரர், சட்டை நனைய வியர்த்துக்கொண்டு. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரி அக்கா கூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வளைவு வரும்போது சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"கண்டிப்பா சார்."

மில் முக்கு தாண்டியதும் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்தது. மேனேஜரின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. ஃபேன்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கண் முன் கண்ணாடியிலேயே இருந்தது. பஸ்ஸின் வெளிச்சம் நீண்டு போய் இருட்டில் கரைகிற இடத்தில் அது தெரிந்தது. சிவப்பு. வெள்ளை. சிவப்பு. வெள்ளை. ஒரு அவசரம் கிடையாது. சோம்பேறியின் அதே நடை. இத்தனை காலம் வீட்டில் படுத்து எண்ணிய சுற்று இப்போது அவளுக்கு முன்னால் போய் நிற்கிறதே என்று நினைத்தபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

டிரைவரம்மா தூரத்திலேயே கியரைக் குறைத்தார். டார்ச் பழக்கத்தில் எழுந்து படிக்கட்டுவரை போய்விட்டார். பஸ் நிற்கவில்லை. அவர் டார்ச்சும் கையுமாகத் திரும்பிப் பார்த்து, உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஃபேன்காரர் மேனேஜரை எழுப்பக் கையைத் தூக்கினார். மேலே இருந்த கண்ணாடியில் டிரைவரம்மாவின் கண்கள் தெரிந்தன. வேண்டாம் என்று தலையை ஆட்டினார் அந்த அம்மாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பஸ் மினுக்குகிற கம்பத்தை ஒட்டி ஒரே வளைப்பில் திரும்பி, பாலம் ஏறி, இறங்கிவிட்டது. பஸ் முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்றாக வெளியே வந்தது.

காலனியில் நின்றபோதுதான் மேனேஜர் திடுக்கிட்டு விழித்தார்.

"வளைவு வந்துடுச்சா?"

"அது போயி எவ்ளோ நேரமாச்சு சார்" என்றார் டார்ச்.

"நான் தூங்கிட்டா வந்தேன்?"

"கொறட்டையோட" என்றார் ஆஸ்பத்திரி அக்கா. அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததற்கு அவருக்கும் ஒரு பலன் வேண்டாமா?

மேனேஜர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்த வளைவில் பஸ் குலுங்கி நிற்பதும், டார்ச்சின் கூச்சலும், அங்குலம் அங்குலமாக ஊர்வதும் அவருக்குத் தெரியாததா? செத்தவன் கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதிலே தூங்கியிருக்கிறார். திரும்பும்போது கண் கொட்டாமல் விழித்து உட்கார்ந்து, கம்பத்தை முன்னாலும் பின்னாலும் பார்த்தார். ஷெட்டில் இறங்கும்போது, "டிரிப்பு ஓடட்டும்மா" என்று மட்டும் சொன்னார். டிரைவரம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஃபேன்காரர் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் மாலை, வழக்கம்போல ஃபேன்காரர் வீட்டில் தரையில் படுத்தார். எண்ணலாம் என்று அண்ணாந்து பார்த்தார். எங்கே எண்ணுவது? மூன்று இறக்கையும் ஒன்றாகக் குழைந்து ஒரே வட்டமாக இருந்தது. நெற்றியில் காற்று படுகிறது, சத்தம் இல்லை. இந்நேரம் மில் முக்கு தாண்டியிருப்பாள் என்று நினைத்தார். சிவப்பு, வெள்ளை என்று நினைத்தார். அதற்கு மேல் என்ன நினைத்தார் என்று அவருக்குத் தெரியாது.

மிச்சத்தை டிரைவரம்மா அடுத்த நாள் பஸ்ஸில் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாராம். கண்ணை மூடிப் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து "இப்பத்தான் கண்ணசந்தேன்" என்று சொல்லட்டும் என்று பையும் கையுமாகக் காத்திருந்தாராம்.

"ஏன்னா அந்த மனுஷன் ஒருநாளும் தூங்குனதில்ல, எனக்குத் தெரியும்" என்றார் ஆஸ்பத்திரி அக்காவிடம், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "கண்ண மூடிக்கிட்டு நடிப்பாரு. நானும் தெரியாத மாதிரி நடிப்பேன். தெரிஞ்சும் டிரிப்ப விட எனக்கு மனசு வரலக்கா. நேத்து கூப்பிட்டுப் பாக்கறேன், முழிக்கல. நெசமாவே தூங்கறாரு."

ரெகுலேட்டரை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைத்தாராம். ஒரு போர்வையை எடுத்துப் போர்த்தினாராம். பிறகு தானே போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாராம். தட்டைக்கூடச் சத்தம் வராமல் வைத்தாராம், அவர் தூங்க வேண்டும் என்று.